வேரை ஆராய்ந்த அறிஞர் ஜூலியஸ் ஸாக்ஸ்

மரத்தின் தழையையும் மலரையும் கனியையும் புகழ்வார் பலர். மண்ணுக்குள் மறைந்து நின்று அவை யாவற்றையும் தாங்கும் வேரை எண்ணிப் பார்ப்பாரோ மிகச் சிலர். வேருக்கு வாயில்லை, எனினும் உண்கிறது. கண்ணில்லை, எனினும் கீழ்த்திசையைத் தப்பாது அறிகிறது. இவ்விரு வியப்புகளையும் சோதனைச்சாலைக்குக் கொணர்ந்து, அளந்தும் நிறுத்தும் ஆராய்ந்த பேரறிஞர் ஜூலியஸ் ஸாக்ஸ் என்பார். தாவர உடலியல் என்னும் கலையை நிலைநாட்டியோருள் தலைசிறந்தவராக உலகம் அவரைப் போற்றுகின்றது. அவர் கண்டறிந்தவற்றிலிருந்து நாம் கற்கத்தக்கன பல. அவர் காணாது விட்டதொன்றிலிருந்து கற்கத்தக்கதும் சிறிதன்று.

ஸாக்ஸ் 1832-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2-ஆம் நாள் பிரெஸ்லா நகரிற் பிறந்தார். அன்று பிரஷ்ய நாட்டைச் சார்ந்திருந்த அந்நகர் இன்று போலந்து நாட்டிலுள்ளது. தந்தையார் செதுக்கோவியத் தொழிலர், செல்வர் அல்லர். மைந்தர்க்கு அவர் அளித்த சிறந்த செல்வம் ஓவியம் வரையும் பயிற்சியே. செடியையும் பூவையும் நுணுகி நோக்கி வரைந்த அக்கை, பிற்காலத்தில் தாவரநூல்களுக்கு ஒப்பற்ற படங்களைத் தந்தது. ஆயின் இளமையிலேயே பெருந்துயர் வந்துற்றது. 1848-ஆம் ஆண்டில் தந்தையார் மறைந்தார். அடுத்த ஆண்டில் அன்னையாரும் மறைந்தார். இளைஞர் பொருளின்றிப் பள்ளிப் படிப்பை விட்டு நீங்கினார்.

அந்நிலையில் அவரைக் கைதூக்கி விட்டவர் புர்க்கின்யே என்னும் உடலியற் பேராசிரியர். அவர்தம் புதல்வர்கள் ஸாக்ஸின் இளமைத் தோழர்கள். பிரெஸ்லாவை விட்டுப் பிராக் நகருக்குச் சென்றிருந்த புர்க்கின்யே, 1851-ஆம் ஆண்டில் ஸாக்ஸைத் தம்மிடம் வரவழைத்துத் துணைவராக அமர்த்திக்கொண்டார். ஆசிரியருக்குப் படம் வரைந்து உதவிக்கொண்டே, இடையில் நின்ற கல்வியை ஸாக்ஸ் தொடர்ந்தார். 1856-ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே தாவர உடலியலைப் போதிக்கும் உரிமையும் எய்தினார். செடிகளைச் சேர்த்து உலர்த்திப் பெயரிடுவதே தாவரநூல் என்று பலர் கருதிய அக்காலத்தில், உயிருள்ள செடி எவ்வாறு இயங்குகிறது என்று வினவப் புகுந்தது பெருந்துணிவேயாகும்.

1859-ஆம் ஆண்டில் ஸாக்ஸ், சாக்ஸனி நாட்டுத் தரான்ட் என்னும் ஊரிலிருந்த வேளாண்மை வனக் கல்லூரியில் உதவியாளராக அமர்ந்தார். செடி மண்ணிலிருந்து எதனை உண்கிறது என்பதே அங்கு அவர் எடுத்துக்கொண்ட வினா. மண் பல பொருள்கள் கலந்தது. அதில் விடை காணல் அரிது. ஆதலின் அவர் மண்ணையே நீக்கிவிட்டார். தூய நீரில் அளவறிந்த உப்புக்களைக் கரைத்து, அதில் வேர் மூழ்குமாறு செடியை நிறுத்தினார். ஒரு லிட்டர் நீருக்குப் பொட்டாசியம் நைட்ரேட் 1 கிராம், கால்சியம் பாஸ்பேட், மக்னீசியம் சல்பேட், கால்சியம் சல்பேட் ஆகியன ஒவ்வொன்றும் அரை கிராம், சாதாரண உப்புக் கால் கிராம், இரும்புப்பு இம்மியளவு என்பது அவர் வகுத்த கலவை. அந்நீரிற் செடிகள் மண்ணின்றியே செழித்தன. நாப் என்னும் மற்றொரு ஜெர்மானியரும் அதே காலத்தில் இத்துறையில் உழைத்தார். இன்று மண்ணின்றிக் கீரையும் தக்காளியும் விளைவிப்போர் யாவரும் இவ்விருவருக்கும் கடன்பட்டவரே.

ஸாக்ஸின் மற்றொரு சோதனை எளிமையாலும் அழகாலும் நினைவில் நிற்பது. பளபளவென மெருகிட்ட சலவைக்கற் பலகை ஒன்றைத் தொட்டியின் அடியிலிட்டு, மேலே மண் பரப்பி விதை ஊன்றினார். வேர்கள் கீழிறங்கிக் கல்லைத் தொட்டு அதன்மேற் படர்ந்தன. சின்னாள் கழித்துக் கல்லை எடுத்துக் கழுவி நோக்க, வேர் படர்ந்த வழியெல்லாம் கல் அரிக்கப்பட்டு, வேரின் உருவம் அதில் வரைந்தாற்போல் விளங்கிற்று. ஓவியர் மைந்தருக்கு வேரே செதுக்கோவியம் வரைந்து காட்டியது போலும்! வேர் தான் கண்டதை உறிஞ்சும் வெறுங் குழாயன்று. புளிப்புப் பொருளை வெளியிட்டுத் தன் உணவைத் தானே கரைத்துக்கொள்கிறது என்பது இதனாற் புலப்பட்டது.

அதன் உட்பொருளைப் பின்வந்தோர் விளக்கினர். வேரின் உயிரணு ஒவ்வொன்றும் தன் ஆற்றலைச் செலவிட்டு ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளுகிறது. அதனால் அணுவின் உட்புறம் எதிர்மின்னேற்றம் பெறுகிறது. அம்மின்னிழுப்பினால் பொட்டாசியம் அயனிகள் தமக்குரிய வாயில்களின் வழியே உட்புகுகின்றன. வெளியேறிய ஹைட்ரஜன் அயனி மீளும்போது நைட்ரேட்டையும் உடனழைத்து வருகிறது. வேர் விடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவும் நீரிற் கரைந்து புளிப்பை மிகுவிக்கிறது. சலவைக்கல்லில் விழுந்த வடு இவ்வோயாத உழைப்பின் வடுவே.

1861-ஆம் ஆண்டில் ஸாக்ஸ் பான் நகரை அடுத்த பாப்பல்ஸ்டார்ப் வேளாண்மைக் கழகத்திற்குச் சென்றார். இலையின் பச்சையத்திற் காணும் மாப்பொருள் ஒளியின் துணையால் ஆக்கப்படுவதென்று அங்கு நிறுவினார். 1868-ஆம் ஆண்டு முதல் இறுதிவரை வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகமே அவர்தம் இருப்பிடமாயிற்று. பல நாட்டு மாணாக்கர் அங்கு வந்து குழுமினர். பெஃபர், ஹ்யூகோ டி விரீஸ் முதலிய பெரியோர் அவரிடம் பயின்றோரே. 1877-ஆம் ஆண்டில் உயர்குடிப் பட்டமும் அவரை வந்தடைந்தது.

வேர் வளருமாற்றையும் அவர் ஆராய்ந்தார். அவரை முளையின் வேரில் மையினாற் சிறு கோடுகளை ஒரே இடைவெளியில் இட்டு, நாள்தோறும் அக்கோடுகள் விலகுவதை அளந்தார். வேர் நீளுவது நுனிக்குச் சற்றுப் பின்னுள்ள சிறு பகுதியிலேயே என்று கண்டார். ஈரமான மரத்தூள் நிரப்பிய சல்லடையைச் சாய்வாகத் தொங்கவிட்டார். கண்வழியே கீழிறங்கிய வேர்கள் காற்று வறண்டிருத்தலை உணர்ந்து, ஈரமுள்ள பக்கமே வளைந்து திரும்பின.

இத்தகைய பேரறிஞரின் புகழில் ஒரு சிறு நிழலும் உண்டு. இங்கிலாந்தின் சார்லஸ் டார்வினுடைய மைந்தர் பிரான்சிஸ், 1878, 1879-ஆம் ஆண்டுகளில் வூர்ட்ஸ்பர்க்கில் ஸாக்ஸிடம் பயின்றார். 1880-ஆம் ஆண்டில் தந்தையும் மைந்தரும் செடிகளின் அசைவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். வேர்நுனியை நீக்கிவிட்டால் வேர் கீழ்நோக்கி வளைவதில்லை. ஆகவே திசையை உணர்வது நுனி, வளைவது அதன் பின்னுள்ள பகுதி. ஏதோ ஒரு தூண்டுதல் முன்னதிலிருந்து பின்னதற்குச் செல்கிறது என்பது அவர்கள் கண்ட முடிபு. ஸாக்ஸ் இதனை ஏற்றிலர். நாட்டுப்புற வீட்டில் எளிய கருவிகளால் நடந்த சோதனை அவர் கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றியது. அவர்தம் நிலையத்திலும் சோதனை நிகழ்ந்தது. நுனி நீக்கிய வேர்களும் வளைந்தன என்று 1882-ஆம் ஆண்டில் மறுப்பு வெளிவந்தது. நுனியைச் செம்மையாக நீக்காவிடின் வேர் வளையவே செய்யும். டார்வின் கூறியதே சரியென்று பின்னர்த் தெளியப்பட்டது.

இங்குதான் நாம் வியந்து நிற்கவேண்டிய செய்தி ஒன்றுளது. அதே 1880, 1882-ஆம் ஆண்டுகளில் ஸாக்ஸ் தாமும் ஓர் அரிய கருத்தை வெளியிட்டார். செடியின் உறுப்புக்களைத் தோற்றுவிக்கும் தனித்தனிப் பொருள்கள் மிகச் சிறிய அளவில் உள்ளன. வேரை உண்டாக்கும் பொருள் இலைகளிற் பிறந்து கீழ்நோக்கிச் செல்கிறது என்பதே அது. டார்வினிடம் செய்தி இருந்தது. செய்தியைச் சுமக்கும் பொருள் இல்லை. ஸாக்ஸிடம் பொருள் இருந்தது, செய்தி இல்லை. இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்க அவர்க்கு மனம் இசையவில்லை. 1928-ஆம் ஆண்டில் வென்ட் என்னும் டச்சு இளைஞர் முளைகளின் நுனியிலிருந்து ஆக்சின் என்னும் பொருள் இறங்குவதை அளந்து காட்டினார். சில ஆண்டுகளில், வேரைத் தோற்றுவிக்கும் பொருளைத் தேடியோர் கண்டதும் அவ்வாக்சினையே.

இன்று நாம் அறிவது இது: வேரைக் கிடையாகச் சாய்த்தால் நுனியிலுள்ள மாமணிகள் கீழ்ப்புறம் சரிகின்றன, ஆக்சின் கீழ்ப்பக்கத்திற்கு மிகுதியாகச் செலுத்தப்படுகிறது, அங்குள்ள அணுக்களுள் கால்சியம் அயனி பெருக, வெளிப்புறத்தின் புளிப்புக் குறைய, அப்பக்கத்து வளர்ச்சி தடைப்படுகிறது, மேற்பக்கம் நீண்டு வேர் கீழ்நோக்கி வளைகிறது. தூண்டுதலும் பொருளும் ஒன்றாயின. சலவைக்கல்லை அரித்த புளிப்பும் திசை காட்டும் புளிப்பும் ஹைட்ரஜன் அயனியின் செயலே என்பதும் விளங்கிற்று.

ஓயாத உழைப்பாலும் நோயாலும் தளர்ந்த ஸாக்ஸ், 1897-ஆம் ஆண்டு மே திங்கள் 29-ஆம் நாள் வூர்ட்ஸ்பர்க்கில் உயிர் நீத்தார். தாய்தந்தையை இழந்து பள்ளியை விட்டவர், ஒரு கலைக்கே ஆசானாக உயர்ந்தார். வறுமையினால் படிப்பு இடையில் நிற்குமோ என்று அஞ்சும் மாணவ நண்பர் எவரும் அவர் இளமையை எண்ணித் துணிவு கொள்க. கற்று உயர்ந்தபின், நம்மிடம் பயின்றவன் வாயிலாக உண்மை வந்தாலும் அதனைத் தள்ளாது ஏற்கும் பணிவை அவர் முதுமையை எண்ணிப் பெறுக.