இரத்தத்தை அளந்த பாதிரியார்

வைத்தியரிடம் செல்வோர் கையில் பட்டை கட்டி இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்வது இந்நாளில் சர்வசாதாரணம். அவ்வழுத்தத்தை முதன்முதல் அளந்தவர் வைத்தியருமல்லர், சர்வகலாசாலை ஆசிரியருமல்லர். ஒரு கிராமத்துப் பாதிரியார் என்பதைப் பலர் அறியார். ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் அப்பெரியாரின் சரித்திரத்தைச் சுருக்கமாகக் கூற விரும்புகிறோம்.

அவர் 1677-இல் இங்கிலாந்தின் கெண்ட் ஜில்லாவில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் வேத சாஸ்திரம் பயின்றார். நியூட்டனின் கீர்த்தி நிறைந்திருந்த அவ்விடத்திலேயே இயற்கையை எண்ணாலும் எடையாலும் ஆராயும் பழக்கமும் அவரைப் பற்றிக்கொண்டது. 1709-இல் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள டெட்டிங்டன் என்னும் சிற்றூருக்குப் பாதிரியாராக வந்தவர், 1761-இல் இறக்கும்வரை அப்பதவியை விட்டாரில்லை.

இதயம் இரத்தத்தைச் சுற்றியோடச் செய்கிறதென்று ஹார்வி என்பார் 1628-லேயே ஸ்தாபித்திருந்தார். ஆயின் எவ்வளவு வலிமையுடன் ஓடச்செய்கிறது? இக்கேள்விக்கு விடையளிக்க முற்பட்டவர்களின் கணக்குகள் ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்குமாக நின்றன. சாட்சியின்றி வழக்காடினால் வேறென்ன விளையும்? ஹேல்ஸ் சாட்சியைத் தேடினார். வேலைக்கு உதவாதென்று கொல்லப்படவிருந்த ஒரு பெண் குதிரையைக் கட்டிக் கிடத்தி, அதன் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, ஒன்பதடி உயரமுள்ள கண்ணாடிக் குழாயை அதனோடு இணைத்தார். இரத்தம் 8 அடி 3 அங்குலம் எழுந்து, நாடித் துடிப்புக்கேற்ப ஏறியும் இறங்கியும் நின்றது. இதயத்தின் அறையில் மெழுகு வார்த்து அதன் கொள்ளளவைக் கண்டு, நாடியின் எண்ணிக்கையால் பெருக்கி, ஒரு நிமிஷத்தில் ஓடும் இரத்தத்தையும் கணித்தார். துடிப்புத் துடிப்பாக வரும் இரத்தம் சிறு நாளங்களில் இடைவிடாது ஓடுவதேன்? தீயணைக்கும் யந்திரத்தின் காற்றறையைப் போலத் தமனிகள் விரிந்து சுருங்குவதால் என்று விளக்கினார். இவ்வாராய்ச்சிகளை 1733-இல் நூலாக வெளியிட்டார். அவ்வுவமையையே 1899-இல் ஜெர்மானியரான ஆட்டோ பிராங்க் கணித சமன்பாடாக்கினார்.

இரத்தத்தைச் சிறிது சிறிதாக வெளியேற்றி ஒவ்வொரு முறையும் அளந்தபோது உயரம் ஒரே சீராகக் குறையவில்லை. தாழ்ந்தது சில சமயம் மீண்டும் உயர்ந்தது. தலையற்ற தவளையின் காலைக் குத்தினால் அது காலை இழுத்துக்கொள்வதையும், முதுகுத்தண்டின் நரம்பை அழித்தால் அவ்வசைவு நின்றுபோவதையும் அவர் கண்டார். இதனை எடின்பரோ வைத்தியர் ராபர்ட் வைட் 1751-இல் எழுதிவைத்தார். இவ்விரண்டு உண்மைகளுக்கும் உள்ள உறவு ஹேல்ஸுக்குத் தெரியாது. கழுத்துத் தமனியிலும் மகாதமனியிலும் உள்ள நரம்புகள் அழுத்தத்தை மூளையின் அடிப்பாகத்துக்கு ஓயாது அறிவிக்கின்றன. அது தாழ்ந்தால் இதயம் விரைகிறது, நாளங்கள் சுருங்குகின்றன. உயர்ந்தால் இதற்கு மாறாக நிகழ்கிறது. படுத்திருப்பவன் எழுந்து நிற்கையில் மயங்கி வீழாததற்கு இதுவே முக்கிய காரணம். லுட்விக், சையன் என்போர் 1866-இலும், ஹெரிங் என்பார் 1920-ஆம் ஆண்டுகளிலும் இதனைத் துலக்கினர். 1972-இல் அமெரிக்கரான கைட்டனும் அவருடைய சகாக்களும் பல நூறு சமன்பாடுகளைக் கோத்து இரத்தவோட்டம் முழுவதற்கும் கணித உருவம் சமைத்தனர். நரம்புகள் சில வினாடிகளில் அழுத்தத்தைச் சீர்படுத்துகின்றன. நாட்கணக்கில் அதனை ஆள்வது உப்பையும் நீரையும் வெளியேற்றும் சிறுநீரகமே என்பது அவர்கள் கண்ட முடிவு. இவ்வளவுக்கும் அளவையென்னும் அடிக்கல்லை நாட்டியவர் டெட்டிங்டன் பாதிரியார்.

அவருடைய பரிசோதனைகளில் பிராணிகள் துன்புற்றன என்பதை மறைப்பது நேர்மையன்று. அயலாரான கவி போப் அதனை வெறுத்தார். ஹேல்ஸும் மனம் கசந்து சில ஆண்டுகள் அவ்வழியை விட்டிருந்தார். அறிவுக்குக் கொடுத்த விலை அதிகமா என்று கேட்பது நியாயமே. பெற்ற அறிவை அவர் எதற்குச் செலவிட்டார் என்பதையும் சேர்த்தே தீர்ப்புக் கூறவேண்டும். சாராயம் சிறு நாளங்களைச் சுருக்குவதைச் சோதனையில் கண்டவர், 1734-இல் குடியர்களுக்கு எச்சரிக்கையாக ஒரு சிறு நூல் எழுதினார். கப்பலின் அடித்தட்டிலும் சிறைக்கூடத்திலும் நச்சுக்காற்றால் மடிந்துகொண்டிருந்த ஏழைகளுக்காகக் காற்றூட்டும் யந்திரம் அமைத்தார். 1752-இல் லண்டன் நியூகேட் சிறையிலும் அது நிறுவப்பட்டது. கைதியும் சுவாசிக்கவேண்டிய மனிதனே என்பதை அவர் மறக்கவில்லை.

வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவருக்கு ஞாபகச்சின்னம் உண்டு. உடலோ தாம் சேவை செய்த சிற்றூர்க் கோயிலிலேயே அடக்கம் பெற்றது. பெரிய பரிசோதனைச் சாலைகளும் ஏராளமான பொருளும் இன்றி சாஸ்திரம் வளராதென்று சோர்வுறுவோர் இச்சரித்திரத்தைச் சிந்திப்பார்களாக. ஒரு கேள்வியை விடாப்பிடியாகக் கேட்கும் உள்ளமும், விடையைக் கைப்பட அளந்தறியும் பொறுமையுமே அவருக்கிருந்த மூலதனம். அம்மூலதனம் எத்தேசத்து ஏழைக்கும் எட்டாததன்று.