மா. கிருஷ்ணன்

மா. கிருஷ்ணன் (ஜூன் 30, 1912 - பெப்ரவரி 18, 1996) தமிழகத்தைச் சேர்ந்த இயற்கையியலாளர், எழுத்தாளர், ஓவியர் மற்றும் காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர் ஆவார். இந்தியக் காட்டுயிர் ஒளிப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார். வண்ணப் படச்சுருள் பரவலாகக் கிடைக்கத் தொடங்கிய பின்னரும் இறுதிவரை கறுப்பு-வெள்ளையிலேயே பறவைகளையும் விலங்குகளையும் படம்பிடித்தார்.

இளமையும் பணியும்

திருநெல்வேலியில் பிறந்த கிருஷ்ணன், பத்மாவதி சரித்திரம் நாவலை எழுதிய அ. மாதவையாவின் எட்டுப் பிள்ளைகளுள் இளையவர். 1925-இல் தந்தை மறைந்தபோது இவருக்கு வயது 13. சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்றார். அங்கு பேராசிரியராக இருந்த பி. எஃப். ஃபைசன் தென்னிந்திய மலைத் தாவரங்களை ஆராய்ந்தவர்; அவருடன் நீலகிரி, கொடைக்கானல் மலைகளுக்குச் சென்ற பயணங்களில் கள ஆய்வு முறையையும், அவரது துணைவியாரிடமிருந்து நீர்வண்ண ஓவியத்தையும் கற்றார். பின்னர் சட்டமும் படித்தார். 1942 முதல் சண்டூர் சமஸ்தானத்தில் ஆசிரியர், நீதிபதி, மன்னரின் அரசியல் செயலாளர் எனப் பல பொறுப்புகளில் இருந்தார். 1949-இல் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தபின் சென்னைக்குத் திரும்பி, எழுத்தையும் ஒளிப்படத்தையும் மட்டுமே நம்பி வாழத் தொடங்கினார். அக்காலத்தில் அது துணிகரமான முடிவே.

ஒளிப்படக் கலை

இவரது படக்கருவி நண்பர்களிடையே பெயர்பெற்றது. ஒரு நிறுவனத்தின் கருவியுடலில் வேறொரு நிறுவனத்தின் தொலைவில்லையைப் பொருத்தி, ஏனைய உறுப்புகளையும் தாமே இணைத்து உருவாக்கிய அக்கனத்த கருவிக்குச் 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரிட்டிருந்தார். இயற்கையியலாளர் இ. பி. ஜீ தமது நூலில் இக்கருவியை நகைச்சுவையுடன் விவரித்துள்ளார். கால்நடையாகவும், பழக்கிய யானையின் மீதமர்ந்தும் காடுகளில் இவர் படமெடுத்தார். யானைகளின் படங்களே இவருக்குப் பெரும்புகழ் தந்தன.

பறவைகளைக் கறுப்பு-வெள்ளையில் எடுப்பது எளிதன்று. கொக்கு, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன் முதலிய வெண்ணிறப் பறவைகள் அடர்ந்த இலைகளின் நடுவே அமர்ந்திருக்கும்போது, இலைகளுக்கு ஏற்ற அளவில் ஒளியை விட்டால் இறகுகள் விவரமற்ற வெண்திட்டாகிவிடும். இறகுக்கு ஏற்பக் குறைத்தால் பின்புலம் முழுதும் கருமையாகும். சமவெளியின் உச்சிவெயிலில் பறவையின் வயிற்றுப்பகுதி நிழலில் மறைந்துவிடுவதால், ஒளி சாய்ந்து விழும் காலையும் மாலையுமே ஏற்றவை. அன்றைய படச்சுருள்களின் ஒளியுணர்திறனோ குறைவு. எனவே தொலைவில்லையுடன் அசையும் பறவையை எடுப்பவர், ஒளிக்கும் வேகத்துக்கும் இடையே ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும். எடுத்தது சரியா என்பது படச்சுருளைக் கழுவும்வரை தெரியாது. கிருஷ்ணன் தமது படங்களைத் தாமே இருட்டறையில் அச்சிட்டவர் என்பதால், எந்த ஒளியில் எடுத்தது தாளில் எவ்வாறு அமையும் என்பதை அறிந்திருந்தார்.

பனங்காடையின் சிறகு நீலம் போன்றவை கறுப்பு-வெள்ளையில் சாம்பலாகவே விழும். இது உண்மையான இழப்பு. அதை இவரது கட்டுரைகளின் வருணனைகளே ஈடுசெய்தன. கட்டுரைகளுக்குக் கோட்டோவியங்களையும் தாமே வரைந்தார். கோடும் நிழலும் பழகிய ஓவியரின் கண், படத்தில் பறவைக்கு எவ்வளவு இடம், அது வாழும் மரத்துக்கும் நீருக்கும் எவ்வளவு இடம் என்பதைத் தீர்மானிக்க உதவியிருக்க வேண்டும்.

வேடந்தாங்கல்

செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரியில் நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, அரிவாள் மூக்கன் போன்றவை நீர்க்கடம்பு மரங்களில் கூடுகட்டுகின்றன. எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அறிந்த ஊரார் பறவைகளைச் சுட விடாமல் காத்துவந்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலேய ஆட்சியரிடம் காவலுக்கு ஆவணம் பெற்றிருந்தனர். இவ்வேரியைப் பற்றிக் கிருஷ்ணன் ஒரு சிறுநூல் எழுதினார். பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்குப் பறவைகள் குறித்த கட்டுரைகளும் எழுதினார்.

எழுத்தும் சிறப்புகளும்

1950 முதல் தி ஸ்டேட்ஸ்மன் இதழில் இவர் எழுதிய 'கன்ட்ரி நோட்புக்' பத்தி 46 ஆண்டுகள் தொடர்ந்தது. இறுதிப் பத்தி, இவர் மறைந்த நாளில் வெளியானது. 1968-இல் ஜவகர்லால் நேரு ஆய்வுநல்கை பெற்றுத் தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிகளை ஆராய்ந்தார். அவ்வாய்வு 1975-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தால் நூலாக்கப்பட்டது. 1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். மண்ணுக்குரிய மரங்களை விட்டு அயல்நாட்டு மரங்களை நடுவதைக் கடுமையாக எதிர்த்தவர் இவர்.

தமிழில் கதிரேசன் செட்டியாரின் காதல் என்ற துப்பறியும் நாவலையும் எழுதியுள்ளார். தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் மழைக்காலமும் குயிலோசையும் என்ற பெயரில் தொகுத்தார். கலைக்களஞ்சியப் பறவைக் கட்டுரைகளும் வேடந்தாங்கல் நூலும் பெருமாள்முருகனால் பறவைகளும் வேடந்தாங்கலும் எனத் தொகுக்கப்பட்டன. ஒளிப்படங்கள் 'ஐ இன் த ஜங்கிள்' என்ற நூலாக 2006-இல் வெளிவந்தன.