சைக்கிளைத் தோளில் சுமந்தவர்!
பாதி வழியில கியர் கேபிள் அறுந்துட்டா உடனே மெக்கானிக் கடையைத் தேடுவீங்கதானே? யூஜின் கிறிஸ்டோஃப் கதையைக் கேளுங்க. 1885-ல் பிறந்த பிரெஞ்சு சைக்கிள் வீரர். பூட்டு வேலை தெரிந்தவர்.

1913 டூர் டி பிரான்ஸ். டூர்மலே மலையிலிருந்து இறங்கும்போது அவர் சைக்கிளின் முன் ஃபோர்க் முறிந்துவிட்டது. ரிப்பேருக்கு யார் உதவியும் வாங்கக் கூடாது. அதுதான் அன்றைய ரூல். சைக்கிளைச் சுமந்துகொண்டு 10 கிலோமீட்டருக்கு மேல் நடந்தார். அடிவாரத்தில் ஒரு கொல்லன் பட்டறை. அதிகாரிகள் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்க, இரும்பைக் காய்ச்சி, அடித்து, தானே ஃபோர்க்கைச் சரிசெய்தார். துருத்தி ஊதியது ஒரு சிறுவன். அதுக்கும் பெனால்டி போட்டாங்க, பாருங்க!

அப்படியும் அந்த வருடம் ஏழாவது இடம். 1919-ல் டூரின் முதல் மஞ்சள் ஜெர்சியை அணிந்தவரும் அவர்தான். கடைசி நேரத்தில் மறுபடியும் ஃபோர்க் முறிந்து, அந்த ஜெர்சியும் கைவிட்டுப் போச்சு. 1970-ல் இறந்த கிறிஸ்டோஃப், டூரை ஒருமுறைகூட ஜெயிக்கலை.