மன்றோவும் வரி பாக்கியும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களில் வீட்டு வரி பாக்கியைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், ஜப்தி செய்வதா, வட்டியைத் தள்ளுவதா, தவணை கொடுப்பதா என்று அபிப்பிராயங்கள் பலவாறாகப் பிரிகின்றன. தவணை என்றதும் அதை ஏதோ நூதன யோசனை என்று எண்ணுவோர் உளர். நிலவரிக்கு நம் குடியானவர்கள் வழங்கும் கிஸ்தி என்ற சொல்லுக்கே தவணை என்பதுதான் பொருள். அரபு மொழியிலிருந்து வந்த அச்சொல் நாளடைவில் வரிக்கே பெயராகிவிட்டது. கிஸ்தி வசூலிலேயே தம் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த ஸர் தாமஸ் மன்றோவின் சரித்திரத்தை இன்று நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம். அவர் அந்நிய ஆட்சியின் ஊழியர். நம் குடிகளின் உழைப்பைக் கம்பெனியின் கஜானாவில் சேர்த்தவர். இதை நாம் மறக்கவில்லை. ஆயினும் வரி வசூலின் நுட்பத்தை அவரளவு அறிந்தவர்கள் சிலரே.

1761-ம் வருஷம் கிளாஸ்கோ நகரில் ஒரு வியாபாரியின் குமாரராக மன்றோ பிறந்தார். அமெரிக்க சுதந்திர யுத்தத்தில் தந்தையின் வியாபாரம் நொடித்துப்போகவே, பிள்ளை கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்து 1780-ல் சென்னைக்கு வந்தார். கடனால் குடும்பம் சீர்குலைவதை வீட்டிலேயே கண்டவர் அவர். பின்னாளில் பாக்கிதாரர்களை அவர் நோக்கிய விதத்துக்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கலாமென்பது நமது ஊகம்.

ஹைதர், திப்பு யுத்தங்களுக்குப் பின் 1792-ல் பாராமஹால் கம்பெனியின் வசமாயிற்று. இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பிரதேசந்தான் அது. அங்கே காப்டன் ரீடின் கீழ் மன்றோ ஏழு வருஷம் ஊர் ஊராகச் சுற்றினார். எந்த நிலத்தை எவன் உழுகிறான், அவனால் என்ன கொடுக்க முடியும் என்று ஒவ்வொரு குடியானவனையும் தனித்தனியே விசாரித்துக் கணக்கு எழுதும் வழக்கம் அங்கேதான் உருவாயிற்று. ரயத்துவாரி முறை அதிலிருந்தே வளர்ந்தது.

அதே காலத்தில் நம் பூந்தமல்லிப் பக்கத்தில் நடந்தது வேறு. செங்கற்பட்டு ஜாகீரின் கிராமங்களை மிட்டாக்களாகக் கட்டி, மாறாத வரி விதித்து, 1802-ல் கம்பெனியார் ஏலம் போட்டனர். ஏலம் எடுத்தவர்களில் பலர் சில வருஷங்களுக்குள் பாக்கியில் விழுந்து மிட்டாக்களை இழந்தனர். விளைச்சல் குறைந்தாலும் வரி குறையாது. தேதி தவறினால் சொத்துப் போகும். இத்தகைய வசூலில் கொடுக்க மனமில்லாதவனும் கொடுக்க இயலாதவனும் ஒன்றாகவே நசுக்கப்படுவர்.

1800-ல் நிஜாம் விட்டுக்கொடுத்த பல்லாரி, கடப்பைப் பிரதேசங்களுக்கு மன்றோ பிரதான கலெக்டரானார். ஏழு வருஷம் கூடார வாசமே அவருக்கு வாழ்க்கையாயிற்று. வசூல் உயர்ந்தது. ஆனால் 1807-ல் சீமைக்குப் புறப்படுமுன் அவர் சர்க்காருக்குச் செய்த சிபார்சு விசித்திரமானது. வரி அதிகமாக இருக்கிறது. நூற்றுக்கு 25 குறைக்க வேண்டும். குறைத்தால் குடிகள் நிலத்தைக் கைவிடமாட்டார்கள், வரியும் தங்குதடையின்றி வரும் என்பதே அதன் சாரம். வசூலில் பெயர் பெற்றவரே வரியைக் குறைக்கச் சொன்னது மேலிடத்துக்கு ரசிக்கவில்லை. சர்க்கார் அதைத் தள்ளிவிட்டுக் கிராமங்களைக் குத்தகைக்கு விட்டனர். குத்தகைதாரர் பலர் சீரழிந்தனர். 1820-ல் மன்றோ சென்னைக் கவர்னராக வந்த பிறகே அந்த 25 வீதக் குறைப்பு அமலுக்கு வந்தது.

அவர் முறையில் குறையே இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஒருவன் செலுத்தத் தவறினால், நூற்றுக்குப் பத்துவரை அவ்வூர்க் குடிகள் ஈடுகட்ட வேண்டுமென்ற ஏற்பாடு அவரிடமும் இருந்தது. ஒழுங்காகக் கட்டியவனுக்கு இது தண்டனையன்றி வேறென்ன?

1827 ஜூலை 6-ந் தேதி, முன்பு தாம் ஆண்ட ஜில்லாக்களைக் கடைசி முறையாகப் பார்க்கச் சென்ற இடத்தில், பத்திகொண்டாவில் வாந்திபேதியால் மன்றோ காலமானார். அவருக்குப் பின் முறையின் பெயர் நின்றது; நிதானம் மறைந்தது. பல இடங்களில் கிஸ்தி தேதி அறுவடைக்கு முந்தியே வந்ததால், குடியானவன் லேவாதேவிக்காரனிடம் ஓட நேர்ந்தது. 1855-ல் சித்திரவதை விசாரணைக் கமிஷன் வெளியிட்ட அறிக்கை, வரிக்காகக் கிட்டி போட்டு விரலை நெரித்ததையும், அண்ணாந்தாள் கட்டி வெயிலில் நிறுத்தியதையும் ஊரறியச் செய்தது. தவணை பெயரளவில் இருந்தும் தேதி பொருந்தாவிடில் நேருவது இதுவே.

இன்றைய நிலைக்கு வருவோம். அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சியாயிற்று. பூந்தமல்லி நகராட்சியாக இருக்கிறது. 2022-ல் தமிழகமெங்கும் சொத்து வரி உயர்த்தப்பட்டது. ஆறு மாதத்துக்கொரு முறை கட்ட வேண்டும். முன்கூட்டிக் கட்டுவோருக்கு 5 சதவீதச் சலுகை, அதிகபட்சம் 5,000 ரூபாய், உண்டு. முந்திக் கட்ட வசதியுள்ளவனுக்குச் சலுகை கிடைப்பது நியாயமே. பல வருஷ பாக்கியில் சிக்கியவன் ஒரே தொகையாகக் கொண்டுவா என்றால் எங்கே போவான்? அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சிறு பட்டறை நடத்துபவருக்குப் பெரிய கம்பெனி பில் தொகை கொடுத்தால்தான் கையில் காசு. ஓய்வூதியக்காரருக்கு மாதப் பிறப்பே அறுவடை. இவர்களுக்கு மாதத் தவணை எழுதிக்கொடுத்து, தேதி தவறாதவரைக்கும் புது வட்டி ஏறாமல் நிறுத்துவதே நியாயம். வாடகைக் கட்டிடங்களை அடுக்கிவைத்துக்கொண்டு வட்டித் தள்ளுபடிக்காகக் காத்திருப்போருக்கு ஜப்தியைத் தவிர வேறு தயவு வேண்டியதில்லை.

ஆவடிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. ராணுவத் தொழிற்சாலைகளும் பட்டாள நிலங்களும் ஊரின் பெரும்பகுதியை அடைத்திருக்கின்றன. மத்திய சர்க்காரின் சொத்துக்கு அரசியல் சட்டத்தின் 285-வது ஷரத்துப்படி உள்ளூர் வரி கிடையாது. சேவைக் கட்டணம் மட்டுமே கேட்கலாம். ஆகவே எஞ்சிய வீட்டுக்காரர்கள்மீது பாரம் அதிகம். அவர்களுடைய ஒவ்வொரு ரூபாயும் வந்து சேர வேண்டிய அவசியமும் அதிகம்.

தவணைத் திட்டம் வகுக்கும் மூன்று ஊர் வார்டு அங்கத்தினர்களும், பாக்கிதாரர் ஜாபிதாவை அலுவலகத்தில் வைத்துப் பார்ப்பதோடு நில்லாமல், கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் செல்ல வேண்டும். முதல் தவணையின் தேதியைப் பட்டறைக்காரரையும் ஓய்வூதியக்காரரையும் கேட்ட பின்னரே குறிக்குமாறு அவர்களை வேண்டிக்கொள்கிறோம்.