கேளாது விலக்கப்பட்ட ஆசான்

எப்பொருளிலும் இரு பக்கத்தையும் மாணாக்கர்க்குக் காட்டிய ஆசிரியர் ஒருவர், தம் பக்கத்தை எடுத்துரைக்க வாய்ப்பின்றியே கல்லூரியினின்று நீங்க நேர்ந்த வரலாறு கற்றோர் மறக்கற்பாலதன்று. அவரே கல்கத்தா இந்துக் கல்லூரியின் ஆசிரியராய் விளங்கிய ஹென்றி லூயிஸ் விவியன் டெரோசியோ.

1809ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆந் திகதி கல்கத்தாவிற் பிறந்த இவர், நம் நாட்டுப் பறங்கியரை ஒப்பப் போர்த்துக்கேய வழிக் கலப்புக் குடியினர். ஸ்கொத்லாந்தியரான டேவிட் டிரமண்ட் நடாத்திய பள்ளியிற் பல இனப் பிள்ளைகளோடும் ஒருங்கிருந்து பயின்றார். பதினான்கு வயதிற் கல்வியை விட்டு, பின் பாகல்பூரில் உறவினரது அவுரித் தோட்டத்திற் பணிபுரிந்தார். ஆங்கிலத்திற் கவி புனைந்து புகழும் பெற்றார்.

1817இல் நிறுவப்பெற்ற இந்துக் கல்லூரி இந்து மாணாக்கரை மட்டுமே சேர்த்துக்கொண்டது. அக்கல்லூரியே 1826இல், வேற்றுக் குடியினரான இப்பதினேழு வயது இளைஞரை ஆசிரியராக ஏற்றது. 1828இல் இவர் அமைத்த வாதக் கழகத்திற் கடவுள் உண்மை, விதி, உருவ வழிபாடு முதலியன தடையின்றி ஆராயப்பட்டன. உடன்படலையும் மறுத்தலையும் நூலின் மதங்களுள் வைத்தெண்ணிய நன்னூலார் மரபில் வந்த நமக்கு இம்முறை புதிதன்று.

ஆயினும் பெற்றோர் அஞ்சினர். ஆங்கிலக் கல்வி நாடி அனுப்பிய மைந்தர் குலவொழுக்கத்தை இகழக் கண்டு, சிலர் அவர்களைக் கல்லூரியினின்றும் நிறுத்தினர். அவ்வச்சத்தைப் பேதைமையென்று ஒதுக்குதல் முறையாகாது. 1831 ஏப்ரலில் முகாமைச் சபை கூடிற்று. டெரோசியோ ஆசிரியப் பணிக்குத் தகுதியற்றவர் என்று பெரும்பான்மையோர் கூறத் துணிந்திலர். எனினும் சமூகத்தின் மனநிலை கருதி அவரை விலக்குதலே தக்கதெனத் துணிந்தனர். அவரை அழைத்து ஒரு வினாவேனும் வினவினாரல்லர். ஏப்ரல் 25ஆந் திகதி அவர் பணி துறந்தார். நாத்திகம் புகட்டினாரோ என வில்சன் கடிதவாயிலாய் வினவியபோது, ஹியூமின் ஐயங்களோடு அவற்றுக்கு ரீட், ஸ்டூவர்ட் என்போர் இறுத்த மறுப்புகளையும் ஒருங்கே கற்பித்ததாக விடையெழுதினார்.

அவர் நீங்கிய சில திங்களில், கிருஷ்ண மோகன் பானர்ஜி என்னும் இளைஞரின் இல்லத்தில், அவர் இல்லாத வேளை கூடிய தோழர் மாட்டிறைச்சி உண்டு, எச்சத்தை அயலார் மனையில் எறிந்தனர். அதன் பயனாய்க் கிருஷ்ண மோகன் தம் வீட்டை இழந்தார். ஐயத்தை ஆராய்தல் வேறு, அயலானை இழிவுசெய்தல் வேறு என்பதை அன்று அவ்விளைஞர் உணர்ந்திலர்.

டெரோசியோ பத்திரிகையொன்று தொடங்கி நடாத்தினார். 1831 டிசெம்பர் 26ஆந் திகதி, இருபத்திரண்டு வயதில், வாந்திபேதியால் உயிர்நீத்தார். 1855இல் அக்கல்லூரி பிரெசிடென்சிக் கல்லூரியாகி, எம்மதத்தார்க்கும் வாயில் திறந்தது.

மாறுபட்டோர் பலரும் ஒருங்கிருந்து கற்குமிடத்திற் சொற்கள் மனத்தைத் தைத்தல் இயல்பே. அப்போது புண்பட்டவன் குறையையும் கேட்டல் வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவன் விடையையும் கேட்டல் வேண்டும். கல்கத்தாச் சபையார் முன்னதைக் கேட்டனர், பின்னதைக் கேட்டிலர். கல்லூரியை ஆள்வோர்க்கு அவ்விரண்டும் கடனாம்.