பெயருக்காக ஒரு வழக்கு

1937-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இங்கிலாந்தின் எப்சம் திடலில் நடைபெற்ற டெர்பி பந்தயத்தில் 'மிட்-டே சன்' என்ற குதிரை முதலிடம் பெற்றது. அதன் உரிமையாளர் ஒரு பெண்மணி. டெர்பியை வென்ற முதல் பெண் உரிமையாளர் என்று வரலாறு அவரைக் குறித்துக் கொண்டது. அதே பந்தயத்தில், ஒன்றுக்கு நூறு என்று பந்தயக்காரர்கள் ஒதுக்கி வைத்திருந்த 'சேண்ட்ஸ்பிரைட்' என்ற குதிரை எவரும் எதிர்பாராத வகையில் இரண்டாவதாக வந்தது. அதைப் பழக்கியவரும் ஒரு பெண்மணியே. ஆனால், பயிற்சியாளர் என்ற தகுதியை அவருக்கு வழங்கப் பந்தய உலகம் மறுத்தது. அவர்தான் ஃப்ளோரன்ஸ் நேகிள்.

1894-இல் பிறந்த ஃப்ளோரன்ஸ், செல்வக் குடும்பத்துப் பெண். தந்தை வில்லியம் வாட்சன், மேபோல் பால்பண்ணை நிறுவனத்தின் வளர்ச்சியால் பெரும்பொருள் ஈட்டியவர். மகளுக்கோ விலங்குகளே உலகம். இளமையிலேயே ஐரிஷ் உல்ஃப்ஹவுண்ட் இன வேட்டை நாய்களை வளர்க்கத் தொடங்கி, அத்துறையில் நாடறிந்த பெயரானார். 1916-இல் நடந்த திருமணம் 1928-இல் மணமுறிவில் முடிந்தது. அதன்பின் தம் உழைப்பும் தம் முடிவுகளுமே துணை என்று வாழ்ந்தார். 1920-களின் தொடக்கத்திலிருந்தே பந்தயக் குதிரைகளைப் பழக்கும் பணியில் அவர் ஈடுபட்டிருந்தார்.

பந்தயக் குதிரைப் பயிற்சியாளரின் பணி எளிதன்று. விடியலில் ஓட்டப் பயிற்சி, ஒவ்வொரு குதிரைக்கும் ஏற்ற தீவனம், காயம் படாமல் காக்கும் கவனம், எந்தத் தொலைவில், எந்தத் தரையில், எந்த நாளில் ஓடவிடுவது என்ற கணிப்பு, லாயப் பணியாளர்களின் ஊதியம், உரிமையாளரின் முதலீட்டுக்குப் பொறுப்பு என அனைத்தும் அவர் தலையில்தான். பொருளியலின் மொழியில் சொன்னால், பிறர் மூலதனத்தையும் பலருடைய உழைப்பையும் ஒருங்கிணைத்து இடரை ஏற்கும் தொழில்முனைவோர் அவர்.

இத்தொழிலைச் செய்ய ஜாக்கி கிளப்பின் உரிமம் வேண்டும். 1750 வாக்கில் தோன்றிய அந்த அமைப்பு, பெயரளவில் ஒரு தனியார் மன்றமே. தன் உறுப்பினர்களைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் கனவான்களின் கூட்டம் அது. ஆனால், நாட்டின் சமதளக் குதிரைப் பந்தயம் முழுவதும் அதன் கைப்பிடியில் இருந்தது. உரிமம் இல்லாத பயிற்சியாளரின் குதிரை எந்த அங்கீகரிக்கப்பட்ட களத்திலும் ஓட முடியாது. பெண்களுக்கு உரிமம் கிடையாது என்பது அம்மன்றத்தின் எழுதப்படாத வழக்கம்.

இதற்கு ஒரு மாற்றுவழியும் அம்மன்றத்துக்குத் தெரிந்தே நடைமுறையில் இருந்தது. லாயத்தின் தலைமைப் பணியாளர் பெயரில் உரிமம் வழங்கப்படும். வேலையைப் பெண்மணி செய்வார். நேகிளிடம் ஊதியம் பெற்ற பணியாளரே ஏடுகளில் பயிற்சியாளர். நேகிளுக்கு மட்டும் நேர்ந்ததன்று இது. தந்தையின் மறைவுக்குப் பின் 1931 முதல் லாயத்தை நடத்திவந்த நோரா வில்மட்டுக்கும் இதே நிலைதான். 1956-இல் 'டூ தௌசண்ட் கினீஸ்' பந்தயத்தை வென்ற 'ஜில் த ரே' குதிரையைப் பழக்கியவர் ஹெலன் ஜான்சன் ஹௌட்டன். ஏட்டில் பதிவானதோ ஓர் ஆணின் பெயர்.

இதிலுள்ள முரண் வியப்புக்குரியது. பெண்கள் நாடாளுமன்றத்தில் அமர்ந்திருந்தார்கள். அரியணையில் இருந்தவரே ஒரு பெண். அந்த அரசியார் 1954-லும் 1957-லும் பிரிட்டனின் முதன்மைக் குதிரை உரிமையாளர் என்ற இடத்தையும் பெற்றார். பெண் குதிரையை வாங்கலாம், வெற்றிக் கோப்பையை ஏந்தலாம், நாட்டையே ஆளலாம். குதிரையைப் பழக்கியதாகக் கையொப்பமிட மட்டும் கூடாது!

பல ஆண்டுகள் விண்ணப்பித்துச் சலித்த நேகிள், இறுதியில் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். அக்காலத்தில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் பிரிட்டனில் இல்லை. அது 1975-இல்தான் வந்தது. எனவே, பெண் என்பதற்காக மறுத்தார்கள் என்று மட்டும் முறையிட்டுப் பயனில்லை. அவர் வழக்கறிஞர்கள் பழைய பொதுச் சட்டத்திலிருந்து ஒரு கருவியை எடுத்தார்கள். ஒருவர் தம் தொழிலைச் செய்வதை நியாயமின்றித் தடுப்பது பொதுநலக் கொள்கைக்கு முரணானது என்பதே அது. இப்ஸ்விச் நகரத் தையற்காரர் சங்கம் விதித்த தடை செல்லாது என்று 1614-இல் அளிக்கப்பட்ட தீர்ப்பு வரை அதன் வேர் நீள்கிறது.

விண்ணப்பதாரருக்கும் மன்றத்துக்கும் இடையே ஒப்பந்தம் ஏதுமில்லை, ஆகவே வழக்கே இல்லை என்பது எதிர்த்தரப்பின் வாதம். கீழ் நிலையில் அவ்வாதம் ஏற்கப்பட்டு வழக்குத் தள்ளுபடியானது. நேகிள் மேல்முறையீடு செய்தார். 1966 பிப்ரவரியில் டென்னிங் பிரபு உள்ளிட்ட மூன்று நீதிபதிகளும் ஒருமித்து அவர் பக்கம் நின்றனர். பொழுதுபோக்கு மன்றம் ஒன்று யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது என்பது அதன் விருப்பம். ஆனால், ஒரு தொழிலின் நுழைவாயில் முழுவதையும் தன் வசம் வைத்திருக்கும் அமைப்புக்கு மனம்போன போக்கில் கதவடைக்கும் உரிமை இல்லை என்பதே அவர்கள் கண்ட வேறுபாடு. வழக்கு முழு விசாரணைக்கு உரியது என்று முடிவாயிற்று.

அந்த விசாரணை நடக்கவே இல்லை. ஜாக்கி கிளப் இறங்கி வந்தது. 1966-ஆம் ஆண்டின் கோடையில் ஃப்ளோரன்ஸ் நேகிள் உரிமம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 71. அதே ஆகஸ்ட் மாதம் நோரா வில்மட்டுக்கும் உரிமம் கிடைத்தது. மறுநாளே பிரைட்டன் களத்தில் அவர் குதிரை வென்றது. பெண் பயிற்சியாளர் ஒருவரின் பெயரில் முறைப்படி பதிவான முதல் வெற்றி அது. 1983-இல் ஜென்னி பிட்மன் பழக்கிய 'கார்பியர்' கிராண்ட் நேஷனல் பந்தயத்தை வென்றபோது, அவர் பெயரை மறைக்க எவர் பெயரும் தேவைப்படவில்லை.

நேகிள் அத்துடன் ஓயவில்லை. தாம் வாழ்நாளெல்லாம் உழைத்த நாய் வளர்ப்புத் துறையிலும், அதை ஆளும் கென்னல் கிளப் பெண்களை உறுப்பினராக ஏற்காததை எதிர்த்தார். 1979-இல் அந்தக் கதவும் திறந்தது. 1988-இல், 94 வயதில் அவர் மறைந்தார்.

நேகிளுக்குப் பணத் தேவை இருந்ததில்லை. பணியாளர் பெயரிலேயே காலத்தைக் கழித்திருந்தாலும் அவர் வருவாயில் பெரிய மாற்றம் இருந்திராது. உழைத்தவர் பெயர் உழைப்பின் மீது பொறிக்கப்பட வேண்டும் என்பதற்காகவே அவர் வழக்காடினார். பொருளியல் வகுப்பில் ஏகபோகம் என்றதும் விலையையும் உற்பத்தியையும் பற்றியே நெடுங்காலம் பேசிவந்தேன். ஒரு தொழிலுக்குள் யார் நுழையலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் விலையைத் தீர்மானிக்கும் அதிகாரத்தைவிடக் கொடியதாகலாம் என்பதை நேகிளின் வாழ்க்கை எனக்கு உணர்த்தியது.

தொழிலுக்கு உரிமமும் தகுதி வரையறையும் தேவைதான். ஆனால், அவ்வுரிமத்தை வழங்கும் கை எவருடையதாயினும், மறுப்புக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. திறமையைச் சோதிப்பது வாயிற்காவலரின் கடமை. பிறப்பைச் சோதிப்பது அவர் வேலையன்று.