ஓநாயைச் சுட்டவர், ஓநாய்க்காகப் பேசியவர்

ஆல்டோ லியோபோல்ட் 1887இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரை நகரான பேர்லிங்டனில் பிறந்தார். ஜேர்மனியிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அவர் முதலில் பேசியதும் ஜேர்மன் மொழிதான்.

யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் படித்துவிட்டு, 1909இல் அரிசோனாவில் வன அதிகாரியாகச் சேர்ந்தார். அந்நாளில் ஓநாயைக் கண்டால் சுடுவதே வழக்கம். ஓநாய் குறைந்தால் மான் பெருகும், வேட்டைக்காரருக்கு நல்லது என்பது எல்லோருடைய கணக்கு. லியோபோல்டும் தோழர்களோடு சேர்ந்து ஒரு தாய் ஓநாயைச் சுட்டார். அதன் கண்களில் பச்சை ஒளி அணைவதை அருகே நின்று பார்த்தார். ஆனாலும் உடனே மனம் மாறவில்லை. ஓநாயையும் மலைச்சிங்கத்தையும் அடியோடு ஒழிக்கவேண்டும் என்று நியூ மெக்சிக்கோவில் பல ஆண்டுகள் முன்னின்று பிரசாரம் செய்தார்.

1933இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அதன்பின் எல்லை கடந்து சென்ற இரண்டு பயணங்கள் அவரை உலுக்கின. 1935இல் மூதாதையரின் ஜேர்மனிக்குப் போனார். அங்கே ஓநாய்கள் ஒழிந்து நெடுங்காலமாகியிருந்தது. காடுகளில் வரிசையாக நட்ட மரங்களும், தீனி போட்டு வளர்க்கப்பட்ட மான்களும் இருந்தன. மரங்களின் கீழே வளரவேண்டிய செடிகளை மான்கள் தின்று தீர்த்திருந்தன.

மறு ஆண்டு மெக்சிக்கோவின் சிவாவா மாநிலத்தில், கவிலான் ஆற்றோரம் வேட்டைக்குச் சென்றார். எல்லைக்கு இப்பால் அவர் வேலை செய்த மலைகளைப் போன்றவைதான் அவையும். ஆனால் அப்பாச்சி மக்கள் மீதிருந்த அச்சத்தாலும், பின்னர் வந்த புரட்சிக் குழப்பத்தாலும் கால்நடைப் பண்ணைகள் அங்கே பரவவில்லை. ஓநாயும் மலைச்சிங்கமும் திரிந்தன. மான்களும் அளவாக இருந்தன. புல் நின்றது, மண் அரிக்கவில்லை, ஆறு தெளிவாக ஓடியது. தன் நாட்டு மலைகள் நோயுற்றவை என்பது அங்கேதான் அவருக்கு விளங்கியது.

விஸ்கொன்சினில் மான்கள் பெருகிக் குளிர்காலத்தில் பட்டினியால் செத்தபோது, பெண் மான்களையும் வேட்டையாடிக் குறைக்கவேண்டும் என்றார். மக்கள் கொதித்தனர், அவர் பின்வாங்கவில்லை. 1944இல், இளமையில் செய்த தவறை ஒளிக்காமல் கட்டுரையாக எழுதினார்.

1948 ஏப்ரல் 21ஆம் நாள், அயலவரின் நிலத்தில் பிடித்த புல்தீயை அணைக்கப்போனவர் மாரடைப்பால் இறந்தார். அந்தக் கட்டுரை அடங்கிய நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது.

1998இல் அரிசோனா மலைகளில் மீண்டும் ஓநாய்கள் விடப்பட்டன. அவற்றின் மூதாதையர் மெக்சிக்கோவில் பிடிக்கப்பட்டுக் காப்பாற்றப்பட்டவை. ஒரு நாடு அழித்ததன் மிச்சத்தை அயல்நாடு வைத்திருந்தது. அதனால்தான் அவை திரும்பிவர முடிந்தது.